சங்குப் புல்லி

பி.ஏ. முடித்த கையோடு எனக்கு வேலை கிடைத்துவிட்டது என்று கேள்விப்பட்டு, உசிலம்பட்டியில் எங்கள் தெருவே வீட்டு வாசலில் கூடிவிட்டது. மதுரைக்கு வெளியே இருந்த ஒரு நூல் மில்லில் டைம் ஆபீஸ் குமாஸ்தா வேலை. என்ன பரீட்சை எழுதினாய், யார் சிபாரிசு என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். பரீட்சையும் இல்லை, சிபாரிசும் இல்லை, நான் ஹாக்கி ஆடுவதைப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறார்கள் என்றேன். என் தாய்மாமன் மகன்தான் முதலில் பேசினான்.

"கம்ப வச்சுப் பந்தத் தட்டுறதுக்கு எவன் மாப்ள சம்பளம் குடுப்பான்? அவிங்க உன்னைய நல்லா ஏமாத்துறாய்ங்க."

அவன் சொன்னதில் கொஞ்சம் விஷயம் இருந்தது. வேலை டெம்பரரிதான். அந்த மில்லுக்கு இரண்டு ஹாக்கி டீம்கள். முதல் டீம் பெரிய ஊர்களுக்குப் போய்க் கோப்பைக்கு ஆடும். இரண்டாம் டீம் சுற்றுவட்டாரத்தில் ஆடி, முதல் டீமுக்கு ஆள் தேற்றிக் கொடுக்கும். கல்லூரிகளில் ஆடிவிட்டு வருகிறவர்களை இரண்டாம் டீமில் போட்டு ஒரு வருஷம் பார்ப்பார்கள். அதற்குள் முதல் டீமுக்கு ஏறிவிட்டால் வேலை நிரந்தரம், மில்காரர்கள் கட்டிய லைன் வரிசையில் குடியிருக்கக் கொடுத்த வீடும் நமக்கே. ஏறாவிட்டால் கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்கள். எனக்கு முன்னால் வந்த கல்லூரி ஆட்டக்காரர்கள் பலர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர்கள்தான்.

எனக்கு அந்தப் பயமே இல்லை. கல்லூரி டீமில் நான் லெஃப்ட் ஹாஃப். என்னைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோன ஆள் குறைவு. மில் தொழிலாளிகளோடு ஆடும் இரண்டாம் டீமில் ஒரு மாதம் இருந்தால் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். கல்யாணமும் அந்தத் தைரியத்தில்தான் செய்துகொண்டேன். பெண் திருவாதவூர்ப் பக்கம், விவசாயக் குடும்பம். சம்பந்தம் பேசும்போது என் மாமனார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "மழை பேஞ்சா அந்த வேலை இருக்குமா, இருக்காதா?" மழைக்கும் மில்லுக்கும் சம்பந்தமில்லை என்று சொன்னதும் சரி என்றுவிட்டார். அவர் பிழைப்பில் இருந்த சந்தேகம் அது ஒன்றுதான்.

மில் மைதானத்தில் முதல் நாள் நான் பட்ட அவமானத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. முதல் டீமுக்கும் இரண்டாம் டீமுக்கும் பயிற்சி ஆட்டம். நான் வெள்ளைக் கால்சட்டையும் பூட்ஸும் போட்டுக்கொண்டு மிடுக்காக இறங்கினேன். எங்கள் டீமில் பாதிப் பேர் வெறுங்கால். ஆட்டம் சூடுபிடித்த நேரம். பந்து என் மட்டைக்கு வந்தது. அப்போது மில் சங்கு ஊதியது. நான் அதைக் காதில் வாங்காமல் பந்தை உருட்டிக்கொண்டு ஓடினேன். ஒருவரைத் தாண்டினேன், இன்னொருவரைத் தாண்டினேன், யாரும் தடுக்கவில்லை. கோல் கீப்பர்கூட நகரவில்லை. ஓங்கி அடித்துக் கோலைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு திரும்பினால், இருபத்தோரு பேரும் நின்ற இடத்தில் அப்படியே நிற்கிறார்கள். மைதானத்துக்கு நடுவே, ஷிப்ட் முடிந்த ஆண்களும் பெண்களும் தலையில் பஞ்சும் கையில் தூக்குவாளியுமாகச் சாவகாசமாய்ப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு நூற்புப் பெண் என் பக்கத்தில் நின்று கேட்டாள்: "என்ன தம்பி, ஒத்தையிலயா ஆடுறீக?"

மைதானமே சிரித்தது. மில் கேட்டுக்கும் லைன் வீடுகளுக்கும் இடையில்தான் அந்த மைதானம். சங்கு ஊதினால் ஷிப்ட் ஆட்கள் குறுக்கே நடந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும். அதனால் சங்கு ஊதிய நொடியில் ஆட்டம் நிற்க வேண்டும் என்பது அந்த மைதானத்துச் சட்டம். கடைசி ஆள் கடந்ததும், பந்து கிடந்த இடத்தில் புல்லி போட்டு மறுபடி தொடங்குவார்கள். புல்லி என்றால், இரண்டு பேர் எதிரெதிரே நின்று, நடுவில் பந்தை வைத்து, மட்டையால் ஒருமுறை தரையையும் ஒருமுறை எதிராளியின் மட்டையையுமாக மூன்று தரம் தட்ட வேண்டும். மூன்றாவது தட்டு முடிந்ததும் பந்து யார் கைக்கு வருகிறதோ அவனுக்கு. கல்லூரியில் ஆட்டம் தொடங்கும்போதும் கோல் விழுந்த பிறகும் நடுவில் நிற்பவன் போடும் சடங்கு அது. இங்கே ஒவ்வொரு ஆட்டத்திலும் சங்கு உண்டு, சங்குக்கு ஒரு புல்லி உண்டு, பந்துக்குப் பக்கத்தில் எவன் நின்றானோ அவன்தான் போட வேண்டும். அதற்குச் சங்குப் புல்லி என்றே பெயர்.

அன்றைக்கு நான் போட்டேன். எதிரே முதல் டீம் கேப்டன். அவரும் ஒரு காலத்தில் திருச்சியில் கல்லூரிக்கு ஆடி, இதே இரண்டாம் டீமில் கிடந்து தேறியவர்தான். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணி முடிப்பதற்குள் பந்தோடு ஆளும் போய்விட்டார். நான் தரையைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் எல்லாமே சறுக்கல்தான். இரண்டாம் டீம் ஆடப் போன இடங்கள் அப்படி. மில் லாரியில் பஞ்சுப் பொதிகளின் மேல் உட்கார்ந்துகொண்டு போவோம். திருவாதவூர்ப் பக்கம் வற்றிப்போன கண்மாய்க்குள் ஒரு ஆட்டம். வண்டல் காய்ந்து வெடித்துக் கிடக்கும். நான் அடித்த பந்து ஒரு வெடிப்புக்குள் விழுந்துவிட்டது. இரண்டு டீமும் அம்பயரும் குனிந்து தேடினோம். பக்கத்து ஊர்க்காரரான என் மாமனார் கரையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவனியாபுரத்தில் சரளை மண். பந்து காலுக்கு வரும் என்று நின்றால் முகத்துக்கு வரும். உசிலம்பட்டிச் சந்தைத் திடலில் சாணத்தை ஒதுக்கிவிட்டு ஆடினோம். அங்கே என் தாய்மாமன் மகன் கூட்டத்தில் நின்றுகொண்டு, நான் பந்தைத் தவறவிடும் போதெல்லாம், "இதுக்குத்தேன் பி.ஏ.வா மாப்ள!" என்று கூவினான். அன்று நான்கைந்து தரம் கூவ வேண்டியிருந்தது.

ரோலர் போட்ட மைதானத்தில் வளர்ந்த என் ஆட்டம் அங்கே செல்லாக்காசு. வீட்டுக்கு வந்து படுத்தால் ஆத்திரம் ஆத்திரமாக வரும். மைதானத்தின் மேல் ஆத்திரம், மட்டையின் மேல் ஆத்திரம், அன்றைக்குச் சாம்பாரில் உப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆத்திரம். ஆனால் சும்மா இருக்கவில்லை. அந்தக் காலத்தில் பந்தைக் கையால் நிறுத்த விதியில் இடம் உண்டு. கல்லூரியில் அதை ஒரு மட்டமான வேலையாக நினைத்தோம். சரளைக் காட்டில் அதைவிட்டால் வேறு வழி கிடையாது. குனிந்து, துள்ளிவரும் பந்தைக் கையால் மறித்துக் கீழே போட்டு, மறு துள்ளலுக்கு முன்னால் அடிக்கப் பழகினேன். நகங்கள் கறுத்தன. பிறகு பந்து என் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. எங்கே எப்படித் துள்ளும் என்பது கண்ணுக்குமுன் முழங்காலுக்குத் தெரிந்துவிடும்.

புல்லிதான் படியவில்லை. சங்குப் புல்லியில் தோற்றுக்கொண்டே இருந்தேன். கேப்டன் ஒருநாள், "ஆட்டம் எல்லாம் நல்லா வருது. சங்கு ஊதுனாத்தான் உன்னையப் பாக்கப் பாவமா இருக்கு" என்றார். அது சுருக்கென்று தைத்தது. புல்லியைத் தனியாகப் பழக முடியாது. எதிரே ஒரு ஆள் வேண்டும். லைன் வீட்டில் என்னைத் தவிர இருந்த ஆள் என் மனைவி ஒருத்திதான்.

முதலில் மாட்டேன் என்றாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்றாள். பின்கட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பழைய மட்டையை உலக்கை பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் காட்சிக்கே நான் சிரித்துவிட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. கோபத்தோடு தட்டினாள். முதல் நாள் நான் ஜெயித்தேன், இரண்டாம் நாளும் ஜெயித்தேன். மூன்றாம் நாள் அவள் ரெண்டிலேயே பந்தைத் தள்ளிவிட்டு, "எம்புட்டு நேரம்தான் தட்டுறது?" என்றாள்.

பிறகு ஒரு மாலை. ஒண்ணு என்று ஓங்கித் தட்டினாள். ரெண்டும் அப்படித்தான். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவதை ஓங்கினேன். அவள் மட்டை என் மட்டையைத் தொட்டும் தொடாமல் பின்வாங்கியது. என் மட்டை தன் வேகத்திலேயே பந்துக்கு அப்பால் போய்ச் சுவரில் மோதியது. அவள் பந்தை அடுப்படிப் பக்கம் தள்ளிவிட்டு நின்றாள்.

"என்ன செஞ்ச?"

"ஒண்ணும் செய்யல. கை வலிச்சுச்சு. அதேன் மெல்லத் தட்டுனேன்."

"இன்னொரு தரம் தட்டு புள்ள!"

"வலிக்குதுன்னு சொல்றேன், காதுல விழுகலையா? போங்க அங்கிட்டு!"

அவள் உள்ளே போய்விட்டாள். நான் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுக்கு அது கை வலி. எனக்கு அதற்குள் விஷயம் பிடிபட்டுவிட்டது. இரண்டு தட்டைப் பலமாகத் தட்டினால், எதிராளி மூன்றாவதற்கும் முட்டுக்கொடுத்து நிற்பான். முட்டுக்கொடுக்க அங்கே ஒன்றும் இல்லாவிட்டால் அவன் பலமே அவனை இழுத்துக்கொண்டு போய்விடும். மறுநாள் சங்குப் புல்லியில் கேப்டனோடு அதைச் செய்து பார்த்தேன். அவர் மட்டை காற்றைக் கிழித்தது. நான் பந்தோடு பத்துக் கஜம் போய்விட்டேன். அதற்கப்புறம் மில் மைதானத்தில் சங்குப் புல்லியில் என்னை யாரும் ஜெயிக்கவில்லை. சங்கு ஊதப் போகிறது என்றால் என் பக்கம் வர முதல் டீம் ஆட்கள் தயங்கினார்கள். எனக்கு அது கோப்பை வாங்கியது போல இருந்தது.

ஆனாலும் முதல் டீமில் இடம் காலியாகவில்லை. எனக்குக் கொடுத்த வருஷம் முடிகிற நேரம் வந்துவிட்டது. என் மனைவி ஒரு நாள் சாதம் போட்டுக்கொண்டே கேட்டாள்: "எடம் கெடைக்கலைன்னா?" உசிலம்பட்டிதான் என்றேன். "சரி. அம்புட்டுத்தானே. மம்பட்டி புடிச்ச கைதானே உங்களுக்கும்" என்றாள். தைரியமாகத்தான் சொன்னாள். ஆனால் அன்று இரண்டு தரம் எனக்கு ரசம் ஊற்றினாள், மறுசாதம் போடாமலே. அவளுக்கு அந்த வீடு பிடித்திருந்தது. எனக்கும்தான்.

அந்த நேரத்தில்தான் மதுரை ஊர்க் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு முந்தின வாரம் முதல் டீமின் லெஃப்ட் ஹாஃபுக்கு அம்மை போட்டது. மில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். ஹாக்கி என்றால் சோறு தண்ணி மறந்துவிடுகிற மனிதர். வேலை விஷயத்தில் மட்டும் வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

"இந்த ஒரு ஆட்டம்தான். தேறினா இருக்கலாம். இல்லேன்னா கணக்கு முடிச்சிருவோம். சரியா?"

எதிர் டீம் என் பழைய கல்லூரி.

நகர மைதானம் கல்லூரி மைதானத்தைப் போலவே ரோலர் போட்டது. ஷிப்ட் முடித்த மில் ஆட்களும் லைன் வீட்டுப் பெண்களும் ஒரு பக்கம் மொத்தமாக வந்து நின்றார்கள். என் மனைவியும் அதில் இருந்தாள். கல்லூரிக்குக் கோல் முன்னால் காவல் நிற்கும் ஃபுல்பேக் ஆடியவன் எனக்கு இளையவன், நல்ல உடல்வாகு, நான் கல்லூரியில் இருந்தபோது என் மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தவன். என்னைப் பார்த்ததும், "வாங்கண்ணே, மில்லுல பஞ்சு எடுக்கிறீங்களா, பந்து எடுக்கிறீங்களா?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. சொல்லும்படி எதுவும் வாயில் வரவில்லை என்பதுதான் நிஜம்.

முதல் பாதி கோல் இல்லாமல் முடிந்தது. இரண்டாவது பாதியில் நாங்கள் நெருக்கிக்கொண்டிருந்தோம். அப்போது ஊருக்குள் எங்கிருந்தோ, வேறு ஏதோ ஒரு மில்லின் சங்கு ஊதியது.

எங்கள் பதினோரு பேரும் நின்றுவிட்டோம்.

இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது, உடனே சிரிப்பும் வந்துவிடுகிறது. வெளியூர்களில் சங்கு கிடையாது. நகர மைதானத்தில் எங்களுக்கு அதுவரை காலை ஆட்டங்கள்தான். சங்கு ஊதினால் கால் நிற்க வேண்டும் என்பது எங்கள் உடம்பில் ஊறிப்போயிருந்தது. கல்லூரிக்காரன் ஒருவன் பந்தோடு என்னை உரசிக்கொண்டு போனான். நான், முதல் நாளில் சங்கை மதிக்காமல் ஒற்றையாய் ஓடிய அதே நான், மட்டையை ஊன்றிக்கொண்டு அவனை வேடிக்கை பார்த்தேன். கோல். பார்க்க வந்த எங்கள் பெண்களில் நாலைந்து பேர் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குள்ளேயே இறங்கிவிட்டார்கள். அவர்களை விரட்ட அம்பயர் விசில் ஊத வேண்டியதாயிற்று.

"என்னண்ணே, ஷிப்டு முடிஞ்சிருச்சா?" என்றான் அந்த ஃபுல்பேக். கல்லூரிப் பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

என் ஆளைத்தான் நான் விட்டிருந்தேன். வீடு போயிற்று, வேலை போயிற்று என்று நினைத்தேன். அதோடு ஒரு வெறியும் ஏறியது. இவர்களுக்கு ரோலர் போட்ட தரைதான் தெரியும். கண்மாய் வெடிப்பில் பந்து தேடிய எனக்கு இந்தத் தரை பாய் விரித்தது போல என்று தோன்றியது. அடுத்து வந்த பந்து ஒன்று தலை உயரத்துக்குத் துள்ளியது. கல்லூரிக்காரர்கள் அது விழக் காத்திருந்தார்கள். நான் எட்டிக் கையால் மறித்துக் கீழே போட்டு, அது தரையில் அடங்குவதற்குள் கேப்டனுக்கு அடித்தேன். அவர் கோலைத் தவறவிடுகிற ஆளே இல்லை. ஒன்றுக்கு ஒன்று. மில் பக்கம் எழுந்த கூச்சலில் வேறு சங்கு ஊதியிருந்தாலும் எங்களுக்குக் கேட்டிருக்காது.

முடியப் போகிற நேரம். கேப்டன் மறுபடி அடித்தார். கோல் கீப்பரைத் தாண்டிக் கோட்டுக்கு உருண்டுபோன பந்தின் மேல் அந்த ஃபுல்பேக் விழுந்து உடம்பால் அமுக்கிக்கொண்டான். வேண்டுமென்றே செய்த தப்பு. அதற்கு அந்தக் காலத்தில் பெனால்டி புல்லி கொடுப்பார்கள். கோலுக்கு ஐந்து கஜம் முன்னால் பந்து. தப்புச் செய்தவன் ஒருவன், எதிர் டீமிலிருந்து ஒருவன். மற்ற எல்லாரும் தள்ளிப் போய்விட வேண்டும். புல்லியில் ஜெயித்துக் கோலில் தள்ளினால் கோல்.

கேப்டன் பந்தைக் காட்டி என்னிடம், "நீ போ" என்றார்.

"நீங்க போங்கண்ணே. நான் சங்குக்கு நின்னவன்."

"நான் மட்டும் ஓடிக்கிட்டா இருந்தேன்? போடா. சங்குப் புல்லியில என்னைய அழ வச்சவன் நீதானே."

போனேன். எதிரே அந்த ஃபுல்பேக், இரும்புக் கடப்பாரை மாதிரி மணிக்கட்டோடு. இப்போது சிரிக்கவில்லை. ஒண்ணு. ஓங்கித் தட்டினேன். அவன் அதைவிட ஓங்கித் தட்டினான். கை அதிர்ந்தது. ரெண்டு. இன்னும் பலமாக. அவன் பல்லைக் கடிப்பது தெரிந்தது. மூணு. என் மட்டை அவன் மட்டையைத் தொட்டுவிட்டுப் பின்வாங்கியது. அவன் மட்டை பந்தைத் தாண்டிப் போயிற்று, மட்டையின் பின்னாலேயே ஒரு காலும் போயிற்று. பந்து வைத்த இடத்திலேயே தனியாக இருந்தது. அடிக்கக்கூட இல்லை. மெல்லத் தள்ளினேன். அது உருண்டு கோலுக்குள் போய் நின்றது.

அதன் பிறகு என் கால் தரையில் படவில்லை. யார் யாரோ தூக்கினார்கள். பஞ்சுத் தூசியும் வியர்வையுமாக எத்தனையோ கைகள். கோப்பையைவிட என்னைத்தான் அதிக நேரம் தூக்கிக்கொண்டிருந்தார்கள். மேளம் ஒன்று எங்கிருந்தோ வந்து சேர்ந்துகொண்டது. அந்த ஃபுல்பேக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "கையக் குடுங்கண்ணே. அது என்னண்ணே தட்டு?" என்றான். மில்லுக்கு வந்தால் சொல்லித் தருகிறேன் என்றேன். இந்தமுறை பதில் சட்டென்று வந்தது.

மேனேஜர் எங்களை வரிசையாக நிறுத்தினார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"ஊர்ல எவனோ சங்கு ஊதினா, பதினோரு பேரும் மரம் மாதிரி நிக்கிறீங்க. வெக்கமா இல்ல?"

யாரும் தலை நிமிரவில்லை. பிறகு மேனேஜரின் உதட்டோரம் கோணியது.

"நானும்தான்யா நின்னேன். அந்தப் பக்கமா நடந்துக்கிட்டு இருந்தவன் அப்படியே நின்னுட்டேன்." என் பக்கம் திரும்பினார். "நீயும் நின்னதப் பாத்தேன். இனிமே உன்னையக் காலேஜ்காரன்னு எவன் சொல்லுவான்? காலைல வந்து பெர்மனன்ட் ஆர்டர வாங்கிக்க."

லைன் வீடு வரைக்கும் மேளம் வந்தது. எல்லாரும் போன பிறகு உள்ளே நுழைந்தேன். என் மனைவி பின்கட்டில் நின்றிருந்தாள். அவள் கண் சிவந்திருந்தது. அழுதாயா என்று கேட்டேன். புகை என்றாள். அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை. நாளைக்கு ஆர்டர் கொடுக்கிறார்கள், இது இனி நம் வீடுதான் என்றேன். தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு போய்ப் பின்கட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். மூலையில் கிடந்த பழைய மட்டையை எடுத்தாள். சேலையை இழுத்துச் செருகினாள்.

"ஊரே தூக்கிட்டு வந்துச்சுல்ல. எங்க, எங்கிட்டத் தட்டுங்க பாப்பம்."

ஒண்ணு, ரெண்டு. நான் மூன்றாவதை மெல்லத் தட்டத் தயாரானேன். அவள் மூன்று வரை காத்திருக்கவே இல்லை; ரெண்டிலேயே பந்தைத் தள்ளிவிட்டாள். அன்றைக்கு நான் தோற்றது அந்த ஒரு புல்லியில்தான்.